பித்தளைக் கழுத்து வைத்த அம்பு

போன மாதம் பாரிசுப் புறநகரான லெ பிளாங்-மெனிலில் நடந்த பிறந்தநாள் வீட்டில், நரைக்குச் சாயம் பூசிய தலைகளோடு நாமெல்லாம் ஒரு மேசையைச் சுற்றி இருந்தபோது உங்களில் ஒருத்தி சொன்னாள்: "எங்கட அம்மாமார் பாவங்கள். குசினியும் கோயிலும் விட்டால் வேறை என்னத்தைக் கண்டவை?" எல்லாரும் "ஓமோம்" என்று தலையாட்டினீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேக் வெட்டுகிற இடத்தில் சண்டை எதற்கு என்று றோல்ஸை வாயில் அடைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். என் அம்மா காட்டுப்பன்றி அடித்தவர். துவக்கால் அல்ல, வில்லால். எந்த நிறையில் அம்பு இருந்தால் பன்றி வதைபடாமல் விழும் என்று ஒரு கோடை முழுக்க யோசித்து, வாதாடி, முடிவெடுத்து அடித்தவர். சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், பிறகு தொடர்கிறேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. பாரிசில் நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பலில், மெற்றோ ரயில் எங்கள் யன்னல் உயரத்தில் ஓடுகிற தெருவில் இருந்தோம். ஒவ்வொரு மெற்றோவுக்கும் அலுமாரிக் கண்ணாடி கிணுகிணுக்கும். அம்மாவுக்கு ஒரு பிரெஞ்சு உணவகத்தின் குசினியில் வேலை. ஆள் கட்டை, ஆனால் கொதிக்கிற சூப்புப் பானையைத் தனியாளாகத் தூக்கி இறக்குவார். அப்பா பலசரக்குக் கடையில் நின்றார். அப்பாவின் தமையன், என் பெரியப்பா, பாரிசுக்கு வெளியே ஒரு கிராமத்தில் காணி குத்தகைக்கு எடுத்துப் பூசணியும் கீரையும் பச்சை மிளகாயும் போட்டு, லா சப்பல் கடைகளுக்குக் கொண்டுவந்து கொடுப்பார். அந்தப் பூசணிக்கு நம்மவர்களிடம் அடிபிடி.

அந்தப் பூசணிப் பாத்தியில்தான் பன்றிக் கூட்டம் இறங்கியது. ஒரு விடியலில் பெரியப்பா போய்ப் பார்த்தால் நிலம் முழுக்க உழுது கிடக்கிறது, கடித்துத் துப்பிய பூசணி எங்கும் சிதறிக் கிடக்கிறது. "அடுத்த வரியமும் இப்பிடி எண்டால் காணியை விட்டிட்டு வாறன், என்னாலை ஏலாது" என்று வரம்பில் குந்திவிட்டார். பெரியம்மா இறந்த பிறகு அவருக்கு இருந்த ஒரே பிடிப்பு அந்தக் காணி. அது போனால் மனுசன் படுத்துவிடுவார் என்று அப்பா எங்களிடம் வந்து சொன்னார்.

காணியின் ஒரு பக்கம் முழுக்க வீடுகள். அதனால் துவக்கு வெடிக்க முடியாது, வில்லுக்கு மட்டும் அனுமதி. அந்த ஊர் வேட்டைச் சங்கத் தலைவர் ஒருவரிடம்தான் வில் இருந்தது. பெரிய மீசைக்காரர், நான் அவருக்கு மீசை மிசியே, அதாவது மீசை ஐயா, என்று பெயர் வைத்திருந்தேன். அவருக்கோ இடுப்புப் பிடிப்பு, மரத்தில் ஏறிக் காத்திருக்க ஏலாது.

அம்மா மன்னார்க் காட்டோரத்தில் பிறந்தவர், தமையன்மார் பன்றிக்குப் போகிறவர்கள். உழுது கிடந்த பாத்தியை அவர் ஒருதரம் சுற்றி நடந்தார். குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார். "வாய்க்காலாலை ஏறி இதாலை இறங்கியிருக்கு. வில்லை என்னட்டைத் தரச்சொல்லு பிள்ளை, நான் அடிக்கிறன்" என்று என்னிடம் சொன்னார்.

"உமக்கென்ன விசரே?" என்றார் அப்பா. பெரியப்பா அந்தத் துக்கத்திலும் சிரித்தார். அம்மாவுக்குப் பிரெஞ்சு அவ்வளவு ஓடாது, பாத்தியைப் பார்க்க வந்து நின்ற மிசியேயிடம் நான்தான் பிரெஞ்சில் சொன்னேன். மீசை மிசியே மட்டும் சிரிக்கவில்லை, அம்மாவின் தோளையும் கையையும் பார்த்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் மனைவியின் பழைய வில்லைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அதன்பிறகு பெர்மி, வேட்டை அனுமதிப் பத்திரம். அந்தச் சோதனைக் கேள்விகளை மெற்றோவில் போகவர நான் வாசித்துக் காட்ட, அம்மா பதில் சொல்லுவார். எந்தப் பறவையைச் சுடலாம், எதைத் தொடக்கூடாது என்பதெல்லாம் எனக்கு இன்றைக்கும் பாடம். பெட்டிக்குள் மடித்து வைத்த சேலையைப் போல அம்மா வில்லை அப்பா இடுப்பில் கட்டுகிற பழைய சாரத்தில் சுற்றி அலுமாரிக்குப் பின்னால் வைத்திருந்தார். நாணுக்குப் பூசுகிற மெழுகின் தேன் வாசம் எங்கள் அறை முழுக்க நின்றது. அம்மா பெர்மி எடுத்த நாளில் அப்பா வாழ்த்துச் சொல்லவில்லை, ஆனால் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். எங்கள் வீட்டில் அது சின்ன விசயம் இல்லை.

மீசை மிசியே ஒரு நிபந்தனை வைத்தார். ஒரு பன்றி காயத்தோடு ஓடித் தப்பினாலும் அத்தோடு அனுமதி முடிந்தது. சங்கத்தில் ஏற்கனவே முணுமுணுப்பு, அவர் தன் பெயரைக் கொடுத்துத்தான் அம்மாவை உள்ளே விட்டிருந்தார். அம்மாவுக்கு அந்த நிபந்தனை தேவையே இல்லை. "காயப்பட்டுப் பத்தைக்குள்ளை கிடக்கிற மிருகத்தின்ரை சத்தம் எனக்குத் தெரியும்" என்று ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ஆக எல்லாம் அம்பில் வந்து நின்றது. பாரம் குறைந்த அம்பு விரைவாய்ப் போகும், நேராய்ப் போகும், தூரத்தைக் கொஞ்சம் பிழையாய் மதிப்பிட்டாலும் சமாளிக்கும். பாரமான அம்பு மெல்லப் போகும், சீக்கிரம் தாழும், தூரம் பிழைத்தால் வயிற்றிலோ காலிலோ போய்ப் படும். ஆனால் சரியாய்ப் பட்டால் உள்ளே இறங்கும். மிசியே பாரம் குறைந்ததைத்தான் சொன்னார். "உங்கள் வில் பலம் குறைந்தது, மதாம். பாரமான அம்பை அது தூரத்துக்குத் தள்ளாது."

அம்மா அந்த அலுமினிய அம்பைக் கையில் வைத்து உருட்டினார். "பண்டியின்ரை தோளிலை பலகை மாதிரித் தோல் இருக்கு. சேத்திலை பிரண்டு பிரண்டு காய்ஞ்சு போய்க் கிடக்கும். இந்த ஈர்க்கு அதிலை போய் என்ன செய்யும் எண்டு கேள்."

ஈர்க்குக்கு எனக்குப் பிரெஞ்சு தெரியாது. பல்லுக்குத்தி என்று சொன்னேன். மிசியேயின் மீசை துடித்தது.

இரண்டு பேரும் பிடிவாதம். இன்றைக்கு யோசித்தால் இரண்டு பேரிடமும் நியாயம் இருந்தது. அவர் தூரத்திலிருந்து எய்கிற ஆளை மனதில் வைத்துப் பேசினார். அம்மாவோ கிட்டப் போக நினைத்தார். அதை யாரும் யாரிடமும் கேட்கவில்லை, நடுவில் நின்ற எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஒன்றில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து. அம்புகள் ஒன்றுக்கொன்று நிறை கூடிக் குறையக் கூடாது, குறைந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் படும். அம்மாவிடம் இருந்தவை மூன்று, மிசியே பாவித்துவிட்டுக் கொடுத்தவை. எங்கள் வீட்டுத் தராசு மாவுக்குத்தான் சரி. லா சப்பலில் மயிரிழை வித்தியாசம் காட்டுகிற தராசு எங்கே இருக்கும்? அம்மா கொஞ்சமும் யோசிக்காமல் நகைக்கடைக்கு நடந்தார்.

அந்த நகைக்கடை மாமா யாழ்ப்பாணத்துக்காரர். நெற்றி நிறைய விபூதி, சுத்த சைவம், முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டார். பிள்ளையார் கோயில் அப்போது இப்போதிருக்கிற ரூ பஜோல் தெருவுக்கு வந்திருக்கவில்லை, பக்கத்துத் தெருவில் சின்ன இடம். தேர் வருகிறதென்றால் மாமா அங்கேயே பழியாய்க் கிடப்பார். கடைக்குள் எப்போதும் சாம்பிராணியும் காஸ் நெருப்பும் ஏதோ ஒரு புளித்த திராவக வாசமும் கலந்திருக்கும்.

அம்மா அம்புகளைச் சுற்றிவந்த சாரத்தை விரித்தார். மூன்று அம்பு, ஒவ்வொன்றின் முனையிலும் இலை போல விரிந்த இருபக்கக் கூர். மாமா எழுந்து நின்றுவிட்டார்.

"அண்ணை, இதுகளை நிறுத்துப் பாக்கவேணும். மூண்டும் ஒரே நிறையிலை இருக்கவேணும்."

"தங்கச்சி வேதக்காரர் எல்லோ?" என்றார் மாமா, அம்மாவின் கழுத்துச் சிலுவையைப் பார்த்து.

"ஓம் அண்ணை. ஏன்?"

"இல்லை, சும்மா. வைச்சிட்டுப் போங்கோ. ஆறுதலாய்ச் செய்து வைக்கிறன்." அவருடைய குரல் தழுதழுத்தது. திராவகப் புகையாக்கும் என்று நினைத்தோம்.

அந்த வாரம் அம்மா நகைக்கடைக்குப் போய்வந்ததை ஊரே பார்த்துவிட்டது. நீட்டாய் எதையோ துணியில் சுற்றிக்கொண்டு போகிறாள், வெறுங்கையோடு வருகிறாள், நகை விற்கிறாளாக்கும். அப்பாவின் கடையில் சாமான் வாங்க வந்த பெண்கள், "வீட்டிலை ஒண்டும் பிரச்சினை இல்லையே?" என்று குசலம் விசாரித்தார்கள். வில்லைப் பற்றிச் சொல்லவும் வெட்கம், சொல்லாமல் இருக்கவும் வெட்கம், அப்பா பருப்பை நிறுத்துக்கொண்டே நின்றாராம்.

அம்புகள் திரும்பி வந்தபோது மினுங்கின. இலைக் கூர்முனையைத் தீட்டிப் பளபளப்பாக்கி, ஒவ்வொன்றிலும் சந்தனப் பொட்டு வைத்திருந்தார். புது நகையையும் பொட்டு வைத்துத்தான் கொடுப்பார், அதனால் நாங்கள் பெரிதாய் எடுக்கவில்லை. "கழுத்திலை இருந்த துண்டு வெறும் அலுமினியம் தங்கச்சி. அழகில்லை. பித்தளை கடைஞ்சு வைச்சிருக்கிறன். மூண்டும் ஒரே நிறை. காசுக் கதை வேண்டாம், இது என்ரை பங்கு." கூர்முனையையும் தண்டையும் பொருத்துகிற அந்தக் கழுத்துத் துண்டை மனுசன் தானாகவே மாற்றிவிட்டார். என்ன பங்கு, எதில் பங்கு என்று அம்மாவும் கேட்கவில்லை. அம்பைக் கையில் எடுத்ததும் அவருடைய முகம் மாறிவிட்டது. முனைப் பக்கம் நல்ல பாரம்.

அந்த ஞாயிறு பெரியப்பாவின் கொட்டிலுக்குப் பின்னால், கந்தல் துணி அடைத்த அரிசிச் சாக்குக்கு முன்னால் ஒரு பழைய கார் ரயரைக் கட்டி நிறுத்தினார்கள். மிசியேயின் அம்பு சர்ரென்று போய் ரயரில் குத்திக்கொண்டு நின்று ஆடியது. அம்மாவின் பித்தளை அம்பு மீன் மாதிரி வாலை ஆட்டி ஆட்டிப் போனது. மிசியே, "பார்த்தீர்களா" என்று வாயெடுத்தார். அதற்குள் அது ரயரைக் கிழித்துச் சாக்குக்குள் இறகு வரைக்கும் இறங்கிவிட்டது. பெரியப்பா, "அடி சக்கை" என்றார்.

மிசியே சாக்கின் பின்பக்கம் போய்ப் பார்த்தார், மீசையைத் தடவினார். பிறகு நேர்மையாய்ச் சொன்னார். முனை பாரமானதால் தண்டு வளைகிறது, அதனால்தான் வால் ஆடுகிறது. மதாமின் கை குட்டை, இவ்வளவு நீளம் தேவையில்லை. தண்டைக் கொஞ்சம் வெட்டிக் குறைத்தால் விறைப்பாகும், நேராய்ப் போகும். "ஆனால் நிறை உங்கள் பொறுப்பு, மதாம். கிட்ட வரும்வரை எய்யக் கூடாது."

"ஒரு பஸ்ஸின்ரை நீளத்துக்குள்ளை வராட்டில் நான் நாணை இழுக்கவே மாட்டன் எண்டு சொல்லு" என்றார் அம்மா. அன்றைக்குத்தான் அந்த இரண்டு பிடிவாதங்களும் ஒன்றையொன்று கண்டுபிடித்தன.

தண்டை வெட்ட மறுபடியும் நகைக்கடை. தேருக்கு இன்னும் சில நாள்தான், மாமா விரதத்தில் கண் குழிந்து போயிருந்தார்.

"வெட்டுறதோ? சாமிக்கு வைக்கிற வேலை ஏன் தங்கச்சி வெட்டுறியள்?"

"எந்தச் சாமிக்கு அண்ணை?"

"கோயிலிலை இருக்கிற முருகனுக்கு நேர்த்தி வைச்சு வேல் குடுக்கப் போறியள்தானே? வேதக்காரப் பிள்ளை எங்கட சாமிக்கு நேந்திருக்குது எண்டு, நான் கோயிலிலை நாலு பேருக்குச் சொல்லியும் போட்டன்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அந்த இலைக் கூர்முனையை இப்போது பார்த்தபோது எனக்கும் வேலாகத்தான் தெரிந்தது. அம்மா ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார், பன்றி, பெரியப்பாவின் பூசணி, வில், எல்லாவற்றையும்.

மாமாவின் முகத்தில் இரத்தமே இல்லை. "என்ரை கையாலை? விரதகாலத்திலை, உயிர்க்கொலைக்கு?" கதிரையில் தொப்பென்று இருந்தார். "சாமியை நினைச்சுக் கடைஞ்ச பித்தளை. அதைப் பண்டியிலை ஏத்தேலாது. கழட்டித் தாங்கோ."

"நியாயம் அண்ணை. நீங்களே கழட்டுங்கோ" என்று அம்மா மூன்றையும் கண்ணாடி மேசையில் வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா அழவில்லை. "ஒண்டு மட்டும் சொல்லுறன். பாரமில்லாத அம்பும் பண்டியைக் கொல்லும். ஆனால் உடனை இல்லை. தோளிலை குத்தின அம்போடை பத்தைக்குள்ளை போய்ப் படுத்து, புழுத்து, கன நாள் கழிச்சுச் சாகும். எனக்குப் பயம் அதுதான். நான் அடிக்காட்டிலும் அந்த ஊர்க்காரர் பொறி வைச்செண்டாலும் அடிப்பினம். அடிக்கிறதெண்டால் ஒரு அடியிலை போகவேணும். அதுக்குத்தான் அண்ணை இந்த நிறை."

மாமா ஒரு அம்பை எடுத்து அதன் பித்தளைக் கழுத்தை விரலால் தடவினார். வெளியே மெற்றோ போனது. "தேர் முடியட்டும்" என்றார் கடைசியில். "பிறகு வாங்கோ. வாக்குத் தரேல்லை, வாங்கோ எண்டு மட்டும் சொல்லுறன்."

தேரன்று நானும் அம்மாவும் போனோம். தெரு முழுக்க உடைந்த தேங்காய், காலெல்லாம் இளநீர்ப் பிசுபிசுப்பு. வடம் பிடிக்கிற கூட்டத்தில் மாமா வெறும் மேலோடு வியர்த்து ஒழுகிக்கொண்டு போனார். எங்களைக் கண்டார், ஆனால் சிரிக்கவில்லை. அம்மா சிலுவையைப் பிடித்துக்கொண்டு தேரைப் பார்த்து என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியும். வேறு எந்தச் சாமியும் அந்த நேரம் கிட்டத்தில் இருக்கவில்லை.

பிறகு போனபோது மூன்று அம்பும் வெட்டி, தண்டு நுனி அரத்தால் ராவி, ஆயத்தமாய் இருந்தன. கழுத்தில் பித்தளை இருந்தது.

"பழசைக் கழட்டிக் கோயிலிலை விளக்குக்குக் குடுத்திட்டன். இது சாமியை நினைச்சுச் செய்ததில்லை, பண்டியை நினைச்சுச் செய்தது. அதாலை இன்னும் கொஞ்சம் பாரம் கூட." பொட்டு வைக்கவில்லை. "ஒரு சொல். அந்தக் கதையை இந்தக் கடைக்குள்ளை கொண்டுவரக் கூடாது. நல்லதோ கெட்டதோ, எனக்குச் சொல்லக் கூடாது."

அந்த மூன்றில் ஒன்றையாவது உங்களுக்குக் காட்டலாம் என்றால், பொபினிக்கு வீடு மாறியபோது யன்னல் சீலைக் கம்பியோடு சேர்த்துக் கட்டியதை யாரோ குப்பைக்குப் போட்டுவிட்டார்கள். இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

வேட்டை நாள் நெருங்கியபோது அம்மா தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை, பவுடர் பூசவில்லை. பன்றிக்குக் கண் மட்டம், மூக்குத்தான் எல்லாம். போட்டுக்கொள்ள வேண்டிய அப்பாவின் பழைய மண்ணிற ஜக்கெற்றைப் பெரியப்பாவின் கொட்டிலில் காய்ந்த இலையோடு சாக்கில் கட்டி வைத்திருந்தார். கறித்தாளிப்பு வாசம் போக வேண்டும் என்று அந்த வாரம் எங்களுக்குப் பாணும் சம்பலும்தான். அப்பா முறைப்பாடு செய்யாமல் தின்றார்.

பொழுது சாய அம்மா வாய்க்கால் ஓரத்து மரத்தில் கட்டிய பலகையில் ஏறினார். நான், அப்பா, பெரியப்பா, மிசியே நால்வரும் கொட்டிலுக்குள். வில்லுக்குச் சத்தம் கிடையாது. அதனால் எங்களுக்கு ஒன்றும் தெரியாது, காகம் கத்தினாலும் நெஞ்சு இடித்தது. வெளிச்சம் மங்கி வருகிற நேரம் அம்மா தனியாக நடந்து வந்தார். வில்லைக் கதவோரம் சாய்த்து வைத்தார்.

"பட்டது. ஓடிட்டுது."

பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார். மிசியே, எங்கே பட்டது, எப்படி ஓடியது என்று கேட்டார். பொறுக்க வேண்டும், உடனே பின்னால் போனால் அடிபட்டது இன்னும் ஓடும் என்றார். அந்த அரைமணி நேரத்தில் அப்பா கொட்டிலுக்குள் நடந்த நடைக்கு லா சப்பலுக்கே திரும்பிப் போயிருக்கலாம். ஒருதரம் நின்று அம்மாவின் கையைப் பிடித்தார். ஆட்களுக்கு முன்னால் அப்பா அம்மாவின் கையைப் பிடித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ரோர்ச் வெளிச்சத்தில் முதலில் கிடைத்தது அம்புதான். பன்றிக்குள்ளால் போய் மறுபக்கம் வந்து மண்ணில் குத்தி நின்றது, இறகு வரை சிவப்பு. மிசியே வேகமாய் நடந்தார். வாய்க்கால் திருப்பத்தில், நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை, அது கிடந்தது. பெரிய ஆண் பன்றி. மிசியே இடுப்புப் பிடிப்பை மறந்து முழங்காலில் நின்று அதன் தோளைத் தடவினார். அந்தப் பலகைத் தோலுக்கு நடுவால் நேர்த்தியாய் ஒரு வெட்டு.

அவர் எழுந்து ஓக் மரத்துச் சின்னக் கிளையொன்றை முறித்து, தன் தொப்பியைக் கழற்றி, கிளையை அம்மாவின் கம்பளித் தொப்பியில் செருகினார். அவர்கள் வழக்கம் அது, வேட்டைக்காரருக்குச் செய்கிற மரியாதை. "நான் தூரத்துக்கு அம்பு சொன்னேன், நீங்கள் கிட்டத்துக்குத் தேர்ந்தெடுத்தீர்கள். சனிக்கிழமையும் வாருங்கள், மதாம்." நான் அதை அம்மாவுக்குத் தமிழில் இரண்டு தரம் சொன்னேன். இலை செருகிய தொப்பியோடு, சேற்றுச் சப்பாத்தோடு நின்ற என் அம்மாவைப் போல் ஒரு ஆள் உலகத்தில் இல்லை என்று எனக்கு அப்போது பட்டது. இப்போதும் அப்படித்தான்.

பெரியப்பா காணியை விடவில்லை. அப்பாவோ அடுத்த நாள் கடையில், தானே மரத்தில் ஏறி இருந்தவர் மாதிரி, சாமான் வாங்க வந்த ஒவ்வொருத்தருக்கும் கையை இழுத்து விட்டுக் காட்டினார். நகை விற்கிறாள் என்று கதைத்தவர்கள் கறி கேட்டு வந்தார்கள்.

அந்த வாரம் என் சங்கிலியின் கொளுவி கழன்றுவிட்டது என்று அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு நகைக்கடைக்குப் போனார். ஒரு அக்கா தோடு பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா கொடுத்த சொல்லைக் காப்பாற்றினார், கொளுவியைத் தவிர எதையும் கதைக்கவில்லை. மாமா சங்கிலியை வாங்கி, கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக் குனிந்தார். கனநேரம் குனிந்தபடியே இருந்தார்.

"வதைபட்டதோ?" என்றார், நிமிராமல்.

"இல்லை அண்ணை. என்ன நடந்தது எண்டு அதுக்கே தெரியாது."

மாமா சங்கிலியைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். "முருகா" என்று நீண்ட மூச்சு விட்டார். தோடு பார்த்த அக்காவிடம், "கொஞ்சம் பொறுங்கோ" என்றுவிட்டு மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்து, புதிதாய்க் கடைந்த பித்தளைக் கழுத்துகள் ஒரு பிடி அள்ளி அம்மாவின் முன்னால் வைத்தார்.

"கூட்டமாய் வருகுது எண்டல்லோ சொன்னனீங்கள். மிச்சப் பண்டியளுக்கு அம்புகளை எப்ப கொண்டு வருவியள்?"